வேலிக்காட்டுக் காவல்

வடகவுஞ்சி
14 நவம்பர் 2025

செலினா அவர்களுக்கு,

தமயந்தி எழுதுகிறேன். நாம் பேசி மூன்று வருடம் ஆகிறது. இப்போதும் பேசுவதற்காக எழுதவில்லை, ஒன்று கேட்க வேண்டும். போனில் கேட்கலாம்தான். ஆனால் போனில் நீங்கள் சொன்ன எதற்கும் பிற்பாடு சாட்சி இருந்ததில்லை. அதனால் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். பதிலும் எழுத்தில்தான் வேண்டும்.

இந்த மாதத் தொடக்கத்தில் ஒன்பது நாள் பனிமூட்டம் விலகவே இல்லை. உச்சிப் பொழுதிலும் பக்கத்துக் காட்டில் நிற்கிற ஆள் தெரியவில்லை. பத்தாம் நாள் வெளுத்தபோது ஊர் முழுக்க உருளைக்கிழங்குக் காடு கறுத்துக் கிடந்தது. தீயில் எரிந்த கறுப்பு இல்லை. ஊறி அழுகிய கறுப்பு. தண்டைத் தொட்டால் கையோடு வழிந்து வருகிறது. நாற்றம் வீட்டுக்குள் போர்வை வரை ஏறிவிட்டது. உங்களுக்குத் தெரியாதது இல்லை. இந்தக் கருகல் நோயைப் படித்துத்தானே பட்டம் வாங்கினீர்கள்.

ஊர் வேலிக்காடு என்று சொல்லும் என் அரை ஏக்கர், அதாவது 2022-இல் உங்கள் நிறுவனம் கம்பி வேலி போட்டு, கருகல் தாங்கும்படி மரபணு மாற்றிய உருளையை நட்டுச் சோதித்த இடம், அதில் இப்போது பீன்ஸ் போட்டிருக்கிறேன். பீன்ஸுக்கு நடுவே பதினொரு உருளைச் செடி நிற்கிறது. நான் நடவில்லை. பதினொன்றும் பச்சை. இலையில் ஒரு புள்ளி இல்லை. நான்கு பக்கமும் அழுகிய காடு, நடுவில் இவை மட்டும் வெள்ளைப் பூ விட்டு நிற்கின்றன. காட்டுமாடு இறங்கி பீன்ஸைத் தின்றிருக்கிறது. இந்தப் பதினொன்றையும் தொடாமல் சுற்றிப் போயிருக்கிறது. குளம்புத் தடம் ஒவ்வொரு செடிக்கும் வளைந்து போவதைக் குனிந்து பார்த்தேன்.

2024 ஜனவரியில் நீங்கள் கையெழுத்திட்டு அனுப்பிய சான்று என்னிடம் இருக்கிறது. "சோதனைப் பயிரின் எச்சம் எதுவும் இந்நிலத்தில் உயிருடன் இல்லை" என்று அதில் இருக்கிறது.

அப்படியானால் என் காட்டில் நிற்பது என்ன?

தமயந்தி மலைச்சாமி


பெங்களூரு
20 நவம்பர் 2025

அன்புள்ள தமயந்தி,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்தேன். பிரிக்கச் சாயங்காலம் வரை ஆயிற்று. ஹாஸ்டலில் ஆறு வருடம் பக்கத்துக் கட்டிலில் படுத்தவளுக்கு நான் 'அவர்கள்' ஆகிவிட்டேன். உன் இஷ்டம். எனக்கு 'நீ' என்றுதான் எழுத வருகிறது.

முதலில் எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன். உன் அப்பா இறந்த செய்தி அந்த வாரமே எனக்குத் தெரியும். கொடைக்கானலிலிருந்து என் அம்மா சொன்னார்கள். நான் வரவில்லை. அதற்குக் காரணம் என்று ஒன்றை எழுதினால் அது பொய்யாக இருக்கும்.

இனி செடி. உருளைக்கிழங்கை எவ்வளவு கவனமாகத் தோண்டினாலும் கோலிக்குண்டு அளவில் சில மண்ணில் தங்கிவிடும். அவை அடுத்த பருவம் தானாக முளைக்கும்; அதில் வைக்கிற சிறு கிழங்கு அதற்கடுத்த பருவம் முளைக்கும். அதனால்தான் அறுவடைக்குப் பிறகு அந்த நிலத்தை ஒரு வருடம் பார்த்து, முளைத்ததைப் பிடுங்கி எரிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. போன இரண்டு வருடமும் கருகல் லேசாகத்தான் வந்தது. அதனால் எங்களுடையது எது, சாதாரணச் செடி எது என்று வித்தியாசம் தெரிந்திருக்காது. இந்த வருடம் மற்றவை கருகியதால் இவை தெரிகின்றன. காட்டுமாடு ஒதுங்கியதில் பயப்பட ஒன்றுமில்லை. உருளை இலை கசக்கும். எந்த மாடும் தின்னாது.

ஒவ்வொரு செடியிலும் ஒரு இலை பறித்து, காகிதத்தில் மடித்து அனுப்பு. ஆய்வகத்தில் பார்த்துவிடுகிறேன். முடிவு தெரியும்வரை யாரிடமும் சொல்லாதே. ஊரில் வீண் பீதி வேண்டாம்.

செலினா


வடகவுஞ்சி
27 நவம்பர் 2025

செலினா அவர்களுக்கு,

இலைகளை இத்துடன் வைத்திருக்கிறேன். பதினொன்று இல்லை, முப்பத்து நான்கு. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

"யாரிடமும் சொல்லாதே." இதே வார்த்தையை 2022 ஜூலையிலும் சொன்னீர்கள். ஊர்க் கூட்டத்தைப் புதன்கிழமை வைத்தீர்கள். புதன்கிழமை லாரிக்குச் சரக்கு ஏற்றுகிற நாள், ஒரு ஆள் வீட்டில் இருக்க மாட்டான். நான் சொன்னேன். உங்கள் இயக்குநருக்கு வேறு நாள் இல்லை என்றீர்கள். வந்தது ஆறு பேர். அதில் இரண்டு பேர் டீக்கு வந்தவர்கள். அறிக்கையில் 'ஊர் மக்களுடன் விரிவான கலந்துரையாடல்' என்று போட்டீர்கள். யாராவது கேட்டால் புது ரகம் என்று மட்டும் சொல்லு, மரபணு என்றால் மிரளுவார்கள் என்று என்னிடம் சொன்னது நீ. நானும் அப்படியே சொன்னேன். என் சிநேகிதி பொய் சொல்ல மாட்டாள் என்று அப்பாவிடம் சொன்னேன்.

பார், கோபத்தில் 'நீ' வந்துவிட்டது. இருக்கட்டும், இனி மாற்றவில்லை.

அப்பாவைக் காவலுக்கு வைத்தாய். காக்கிச் சட்டை கொடுத்தாய். அறுபத்து மூன்று வயதில் அவர் அதைத் தேய்த்துப் போட்டுக்கொண்டார். அப்புறம் ஊருக்கு விஷயம் தெரிந்தது. குருநாதன் அண்ணன்தான் முதலில் கத்தினார், "ஊசி போட்ட கிழங்க எங்க மண்ணுல எறக்குறீகளா" என்று. ஒரு விடியற்காலையில் பாதிச் செடியைப் பிடுங்கிப் போட்டார்கள். நீங்கள் மிச்சத்தைத் தோண்டி, நசுக்கி, குழியில் புதைத்து, வேலியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். நாங்கள் இங்கே இருந்தோம். ஒரு வருடம் எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஒருவரும் வரவில்லை. ஊரில் யாரும் முகம் கொடுத்துப் பேசாததால் அப்பா பேசுவதையே விட்டார். வேலி இல்லாத காட்டைச் சுற்றிக் காக்கிச் சட்டையோடு தினம் விடியுமுன் வெள்ளனே நடப்பார். 2023 ஐப்பசியில் சோலை ஓரத்துப் பாறைக்குக் கீழே கிடந்தார். அந்தப் பக்கம் எங்களுக்குக் காடும் கிடையாது, சோலியும் கிடையாது. குதித்துவிட்டார் என்று ஊர் சொன்னது. அவமானம் தாங்காமல் போய்விட்டார் என்று நானும் நம்பினேன். அந்த அவமானத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தவள் நான். எனக்குக் கொடுத்தவள் நீ. உன்னோடு பேசாததற்கு இதுதான் காரணம். இதுவரை எழுதியதில்லை, இப்போது எழுதிவிட்டேன்.

இனி அந்த முப்பத்து நான்கு. என் காட்டோடு நிற்கவில்லை, செலினா. வரப்பு தாண்டி, ஒற்றையடிப் பாதையின் இடது ஓரமாகவே, மேடேறி ஓடை வரை நிற்கின்றன. சிதறிக் கிடந்தால் பயம் வராது. ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரே தூரம். வெள்ளனே மூட்டத்தில் பார்த்தால் ஆட்கள் வரிசையாகக் குந்தியிருப்பது போல இருக்கிறது.

குருநாதன் அண்ணனும் பார்த்துவிட்டார். மூன்று வருடம் கழித்து என்னிடம் முதல் வார்த்தை பேசினார். "உங்கப்பன் செத்தும் காவல விடல தாயி. நட்டுக்கிட்டே வர்றாரு."

நேற்றிலிருந்து அந்தப் பாதையில் யாரும் போவதில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ரோட்டைச் சுற்றி அனுப்புகிறார்கள்.

தமயந்தி


பெங்களூரு
6 டிசம்பர் 2025

தமயந்தி,

முப்பத்து நான்கும் எங்களுடையவைதான். இரண்டு முறை பார்த்தோம்.

மண்ணில் தங்கிய கிழங்கு தானாக வரப்பு தாண்டாது. அதற்குக் கால் கிடையாது. ஓடைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போயிருந்தால் கீழே போயிருக்க வேண்டும்; நீ சொல்லும் வரிசை மேட்டில் ஏறுகிறது. யாரோ ஒரு மனிதர் நட்டிருக்கிறார். யார் என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். அதைச் சொல்வதற்கு முன் நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

அறுவடைக்குப் பிறகு அந்த நிலத்தை நான்கு முறை வந்து பார்த்ததாக அறிக்கை சொல்கிறது. நான் வந்தது இரண்டு முறை, அதுவும் நீ இல்லாத நேரம் பார்த்து. 2023 செப்டம்பரில் கொடைக்கானல் வரை வந்தேன். அம்மா வீட்டில் உட்கார்ந்தேன். வெளியே நல்ல மூட்டம். மூட்டம் என்று எனக்கே சொல்லிக்கொண்டு, உன் முகத்தைப் பார்க்கப் பயந்து, அடுப்படியில் வைத்து அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். 'எச்சம் எதுவும் இல்லை.' டிசம்பரில் கொடைக்கானலுக்குக்கூட வரவில்லை. அதற்குள் அப்பா இறந்திருந்தார். பெங்களூரில் இருந்தே போட்டேன்.

உன்னிடம் இருக்கும் சான்று அதன் மேல் நிற்கிறது.

இன்னொன்று. செடிகளைப் பிடுங்கிப் போட்ட அன்று காலையில் அப்பா வேலிக்குள் மண்டியிட்டு ஒவ்வொன்றாகத் தூக்கி வேரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. தன் காவலில் நடந்துவிட்டதே என்று. எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. "இதச் சாக விட்றாதீங்கப்பா, உங்கள நம்பித்தான் இருக்கு" என்றேன். அவர் தலையாட்டினார்.

அடுத்த மாதம் நாங்களே வந்து எல்லாவற்றையும் நசுக்கிப் புதைத்தோம். ஏன் என்று அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. இது வெளியே போகக் கூடாத பயிர், சோதனை முடிந்தால் அழிக்க வேண்டியது என்று ஆறு பேருக்கு முன்னால் படம் போட்டு விளக்கினோம். அன்று அவர் வேலிக்கு வெளியே நின்று காவல் காத்துக்கொண்டிருந்தார். நூற்றிருபது பக்க அறிக்கையில் காவலாளிக்கு விளக்கியதாக ஒரு வரி கிடையாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் நான் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான். மண்ணில் தங்கிய கிழங்குகளைப் பொறுக்கிக் கொண்டுபோய் நட்டிருக்கிறார்.

செப்டம்பரில் நான் மலையேறியிருந்தால் அவரைப் பார்த்திருப்பேன். அவருக்கு ஒளிக்கத் தெரியாது. பெருமையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருப்பார்.

அந்த வரிசை எங்கே போய் முடிகிறது என்று பார்க்க முடியுமா? கேட்க எனக்கு முகம் இல்லை. இருந்தும் கேட்கிறேன்.

செலினா


வடகவுஞ்சி
15 டிசம்பர் 2025

செலினா,

உன் கடிதத்தை மூன்று நாள் கையில் வைத்திருந்தேன். கிழித்துப் போடத்தான் நினைத்தேன். நாலாம் நாள் வெள்ளனே எழுந்து அப்பா கிளம்புகிற நேரத்துக்குக் கிளம்பினேன்.

மூட்டம் முழங்கால் வரை கிடந்தது. முதல் செடியிலிருந்து எண்ணி நடந்தேன். என் நடைக்குச் சில சமயம் பத்து எட்டு, சில சமயம் ஒன்பது. சரிப்படவே இல்லை. பிறகு அப்பா நடக்கிற மாதிரி, இடது காலைக் கொஞ்சம் இழுத்து, நிதானமாக எட்டு வைத்துப் பார்த்தேன். ஏழாவது எட்டில் செடி. மறுபடியும் ஏழாவது எட்டில் செடி. நாலைந்து முறை சரியாக வந்ததும் நின்றுவிட்டேன். திரும்பிப் பார்க்கவே கூடாது என்று தோன்றியது. பின்னாலேயே அவர் வருகிறார் என்றால்கூடப் பயந்திருக்க மாட்டேன், முன்னால்தான் போகிறார் என்று இருந்தது. நான் கால் வைக்கிற இடத்தில் எல்லாம் அவர் கால் ஏற்கெனவே இருந்தது.

ஓடை தாண்டியதும் ஒரு பாறை. அதைச் சுற்றிக் கொத்தாக ஐந்து செடி. அங்கே உட்கார்ந்து பீடி குடித்திருப்பார். மேட்டில் மூச்சு வாங்குகிற இடத்தில் இரண்டு. முருகன் கோயில் பின்னால் மூன்று, அங்கே செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டிருப்பார். இப்படி ஒரு மனுஷன் எங்கே நின்றான், எங்கே உட்கார்ந்தான் என்று செடி சொல்லிக்கொண்டே வந்தது. கூட இருந்த காலத்தில் நான் இவ்வளவு கவனித்ததில்லை.

கோயில் தாண்டிச் சோலை ஓரம். மரத்தடி இருட்டு. அங்கே பாறைக்கு மேலே நாலு பாய் விரிக்கிற அளவுக்கு ஒரு சமதரை. ஊரில் யாருக்கும் தெரியாத இடம். அதில் ஆறு வரிசை. வரிசைக்கு ஆறு. மண் அணைத்து, வாய்க்கால் வெட்டி, நீங்கள் வேலிக்காட்டில் போட்ட அதே இடைவெளியில். சுற்றிலும் முள்ளை வெட்டிக் குச்சி ஊன்றி வேலி. வேலிக்கு வாசலாக ஒரு படல். ஒரு குச்சியில் தகரத்தைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். அதில் ஆணியால் கீறி 'உள்ளே வரக்கூடாது' என்று எழுதியிருக்கிறது. உங்கள் போர்டில் இருந்த வாசகம். அப்பாவுக்கு எழுதத் தெரியாது, செலினா. எழுத்தைப் படம் மாதிரி பார்த்து வரைந்திருக்கிறார்.

பாறை விளிம்பு ஓரத்து முள்வேலி ஒரு இடத்தில் பாதியில் நிற்கிறது. அதற்கு நேர் கீழே இருபது அடியில்தான் அவர் கிடந்தார்.

அவர் குதிக்கவில்லை. வேலி கட்டும்போது கால் வழுக்கியிருக்கிறது.

படலுக்கு வெளியே உட்கார்ந்துவிட்டேன். உள்ளே போக மனம் வரவில்லை, எழுதியிருந்ததல்லவா. வெயில் வரும்வரை இருந்தேன். இரண்டு வருடமாக ஆள் இல்லாமல் அந்த முப்பத்தாறும் செத்து முளைத்து, செத்து முளைத்து அங்கேயே நின்றிருக்கின்றன. கீழே ஊர் முழுக்க அழுகல் நாற்றம். இங்கே ஒன்றுமில்லை. காற்றில்லாத இடத்தில் ஒரு செடி மட்டும் ஆடியது. நிஜமாகத்தான் சொல்கிறேன்.

மொத்தம் நூற்று நாற்பத்தேழு செடி. ஊருக்குத் தெரிந்தது அறுபத்தொன்றுதான். சோலைக்காடு பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வந்து தோண்டுவீர்கள். தோண்ட வேண்டியதுதான் என்று எனக்கும் புரிகிறது. இது விதைக்கிழங்கில் கலந்தால் ஊரில் எவன் எதை நடுகிறான் என்று எவனுக்கும் தெரியாது. ஆனால் என் அப்பா இந்த உலகத்தில் விட்டுப்போன கடைசி வேலை அது.

நீ வா. இந்த முறை கொடைக்கானலோடு நின்றுவிடாதே.

தமயந்தி


பெங்களூரு
19 டிசம்பர் 2025

தமயந்தி,

உன் கடிதத்தை இயக்குநரிடம் காட்டினேன். புத்தாண்டு கழியட்டும், ஆள் அனுப்பிச் சத்தமில்லாமல் பிடுங்கிவிடலாம் என்றார். நான் அன்றைக்கே ஒழுங்குமுறைக் குழுவுக்கும் மாவட்ட வேளாண் அலுவலகத்துக்கும் நடந்ததை எழுதி அனுப்பிவிட்டேன், பொய்க் கையெழுத்துகள் உட்பட. என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விசாரணை நடக்கும். வருத்தப்படாதே, மூன்று வருடத்தில் இப்போதுதான் ஒழுங்காகச் சாப்பிடுகிறேன்.

ஊர் முன்னால் நின்று சொல்ல வேண்டும். நாள் நான் குறிக்கவில்லை. எந்தக் கிழமை, எந்த நேரம் எல்லோராலும் வர முடியும் என்று நீ வீடு வீடாகக் கேட்டு எழுது. காவலுக்குப் போகிறவர்கள், களை எடுக்கிற பெண்கள், யாரையும் விடாதே.

சோலைக்காட்டைப் பற்றி நான் யாருக்கும் எழுதவில்லை. அது உன் வாயால் வர வேண்டியது. நீ சொல்லவில்லை என்றால் எனக்குத் தெரிந்ததை ஒரு நாள் நான் சொல்ல வேண்டி வரும். ஆனால் உனக்கு முன்னால் சொல்ல மாட்டேன்.

செலினா


வடகவுஞ்சி
20 ஜனவரி 2026

செலினா,

நீ போய்ப் பதினேழு நாள் ஆகிறது. சனிக்கிழமைக் கூட்டத்தில் நீ முன்னால் நின்றதால் பின்வரிசை உனக்குத் தெரிந்திருக்காது. பள்ளிக்கூடம் கொள்ளாமல் ஜன்னலில் ஆள் நின்றது. நீ மூட்டத்தைச் சாக்காக வைத்துக் கையெழுத்துப் போட்டதைச் சொன்னபோது அடிப்பார்கள் என்றே நினைத்தேன். எல்லோரும் உன் முகத்தையே பார்த்தார்கள். அது அடியைவிட மோசமாக இருந்தது, இல்லையா?

குருநாதன் அண்ணன் எழுந்து கேட்டதை நீயே கேட்டாய். இருந்தும் எழுதி வைக்கிறேன், எழுத்தில் இருக்கட்டும். "அன்னைக்கி வேணாம்னு சொன்னோம், கேக்கல. இன்னைக்கி எங்க காடு பூராம் செத்துக் கெடக்கு, அது ஒண்ணுதான் உசுரோட நிக்கிது. குடுங்கன்னு கேக்கறோம். இப்பவும் கேக்க மாட்டேங்கிறீக. அப்ப எங்ககிட்ட எதத்தான் கேட்டுச் செய்வீக?" பதில் இல்லை என்று நீ ஒத்துக்கொண்டாய் பார், அதற்குப் பிறகுதான் ஜனம் உட்கார்ந்து மிச்சத்தைக் கேட்டது.

நீ கிளம்பிய மறுநாள் அதிகாரிகள் வந்தார்கள். அறுபத்தோரு செடியைக் கணக்கெடுத்துவிட்டு இவ்வளவுதானா என்றார்கள். ஊரே என்னைப் பார்த்தது. நான் அப்பா மாதிரி எட்டு வைத்து முன்னால் நடந்தேன். ஏழுக்கு ஒரு முறை நின்று கையைக் காட்டினேன். பின்னால் மண்வெட்டி, அதற்குப் பின்னால் ஊர். சோலைக்காட்டுக்கு வந்ததும் எல்லாரும் படலுக்கு வெளியே நின்றுவிட்டார்கள். அந்தத் தகரத்தை வாசித்துவிட்டு மண்வெட்டிக்காரர் செருப்பைக் கழற்றினார். குதித்துச் செத்தான் என்று சொன்ன வாயெல்லாம் அங்கே நின்றது. குருநாதன் அண்ணன்தான் படலைத் திறந்துவிட்டார். முப்பத்தாறையும் தோண்டி எடுத்தோம். சாக்குக்கு மேலே நான் கை வைத்துப் பார்த்தேன். ரோட்டுக்குக் கொண்டுபோய் எரித்துவிட்டார்கள்.

கிராம சபையில் தீர்மானம் போட்டிருக்கிறோம். இனி யார் எந்தப் பயிரைச் சோதிக்க வந்தாலும் ஊர் சொல்கிற நாளில் கூட்டம், வேலைக்கு வைக்கிற கடைசி ஆள் வரை விளக்கம், வேண்டாம் என்றால் திரும்பிப் போக வேண்டும். வேண்டும் என்றால் எப்போது கிடைக்கும் என்று சொல்ல வேண்டும். இந்தக் கடைசி வரி குருநாதன் அண்ணன் சேர்த்தது.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். இன்று காலையில் அவர் வாசலில் வந்து நின்றார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ, தலை முண்டாசு பனியில் நனைந்திருந்தது. மடியிலிருந்து இரண்டு கிழங்கை எடுத்து என் கையில் வைத்தார். தோண்டின அன்று எடுத்ததாம். நட்டுவிடலாம் என்றுதான் எடுத்தாராம். மண்ணைக் கொத்திவிட்டு நட முடியவில்லையாம்.

"மூணு எடுத்தேன் தாயி. ஒண்ண அவிச்சுத் தின்னுட்டேன். ஊரெல்லாம் இதுக்குத்தான அடிச்சுக்கிட்டோம், என்னதான் இருக்குன்னு பாத்துரலாம்னு."

ருசி எப்படி என்று கேட்டேன், வேறு என்ன கேட்பதென்று தெரியாமல். உருளைக்கிழங்கு மாதிரிதான் இருந்தது என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். தின்ற மறுநாளிலிருந்து வெள்ளனே தானாக முழிப்பு வருகிறதாம். கால் தானாக வேலிக்காட்டுப் பக்கம் போகிறதாம். ஓடை தாண்டி, கோயில் தாண்டி, படல் வரை போய் நின்றுவிட்டுத் திரும்புகிறாராம். இடது கால் லேசாக இழுக்கிறது என்கிறார். நானும் பார்த்தேன், முற்றத்தில் நடக்கும்போது இழுக்கத்தான் செய்கிறது.

"எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல? அந்தப் புள்ளகிட்ட கேட்டுச் சொல்லு" என்றார். மூன்று வருடத்தில் அவர் கத்தினதெல்லாம் இந்த ஒரு கேள்விதான் என்று அப்போது தோன்றியது.

கிழங்கு இரண்டையும் அதிகாரிக்கு அனுப்பிவிட்டேன். குருநாதன் அண்ணனுக்கு நீ எழுது. நான் வாசித்துக் காட்ட வேண்டும், அதனால் சாதாரணமாக எழுது. ஒளிக்காதே.

தமயந்தி


கொடைக்கானல்
28 ஜனவரி 2026

தமயந்தி,

அம்மா வீட்டிலிருந்து எழுதுகிறேன். விசாரணைக்காகத் திண்டுக்கல்லுக்கு இறங்க வேண்டியிருந்தது. இதன் கீழே இருப்பதை அவரிடம் வாசி.

குருநாதன் அண்ணனுக்கு, செலினா எழுதுவது.

உங்கள் கேள்விக்கு நன்றி அண்ணே. இதை நாங்கள்தான் முதல் நாளே வந்து சொல்லியிருக்க வேண்டும்.

அந்தக் கிழங்கில் நாங்கள் வைத்தது, கருகலைத் தாங்கும் ஒரு காட்டு உருளையிலிருந்து எடுத்த ஒரே ஒரு மரபணு. ஊசி எதுவும் போடவில்லை, மருந்தும் ஏற்றவில்லை. எலிகளுக்குத் தொண்ணூறு நாள் கொடுத்துப் பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை. மனிதர்கள் சாப்பிட்டுப் பார்க்கிற கட்டம் வருவதற்குள் சோதனை நின்றுபோனது. எனக்குத் தெரிந்து இதைச் சாப்பிட்ட முதல் மனிதர் நீங்கள்தான். அதனால் ஒன்றுமே ஆகாது என்று சத்தியம் செய்ய எனக்கு உரிமை இல்லை. ஆகும் என்று நினைக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் உண்மை. கிழங்கு வெளிச்சம் பட்டுப் பச்சை ஏறியிருந்தால் அன்றைக்கே வயிறு வலித்திருக்கும். அது எந்த உருளைக்கும் உண்டு. வலிக்கவில்லை என்றால் அந்தக் கவலையும் வேண்டாம். இருந்தாலும் கால் இழுப்பதை டாக்டரிடம் காட்டுங்கள். அது வேறு ஏதாவதாக இருக்கலாம். நான் கூட வருகிறேன்.

இன்னும் மூன்று வருடம், மாதம் ஒரு முறை, நான் அந்தத் தடத்தை நடந்து பார்க்கப் போகிறேன். வேலை திரும்பக் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். பிப்ரவரி ஏழாம் தேதி சனிக்கிழமை முதல் தடவை. ஊரில் வர முடிந்தவர்கள் வரட்டும். என் கண்ணை மட்டும் நம்ப வேண்டாம்.

காலையில் முழிப்பு வருவதைப் பற்றிக் கேட்டீர்கள். அது கிழங்கால் வருவது என்று என்னால் நம்ப முடியவில்லை. ஆனால் ஒன்றையும் ஒளிக்காதே என்று தமயந்தி எழுதியிருக்கிறாள். அதனால் சொல்கிறேன். கூட்டம் முடிந்து திரும்பிய நாளிலிருந்து எனக்கும் விடிவதற்கு முன்னால் அதே நேரத்தில் முழிப்பு வருகிறது. எழுந்து மொட்டைமாடிக்குப் போய் நடக்கிறேன். நேற்று அம்மா பார்த்துவிட்டு, ஏன்டி காலை இழுத்து நடக்கிறாய் என்று கேட்டார்கள்.

நான் அந்தக் கிழங்கைத் தின்றதே இல்லை, அண்ணே.

செலினா